தயவன்று, உரிமை

சேத்தியாத்தோப்புக்கு ரயில் இல்லை. அவ்வூரார் பஸ்ஸேறிச் சிதம்பரமோ விருத்தாசலமோ சென்று ரயில் பிடிக்கலாம். அம்ருத் பாரத் திட்டத்தின்படி புதுப்பிக்கப்பட்ட அவ்விரு ஸ்டேஷன்களும் 2025 மே 22-ந் தேதி திறந்து வைக்கப்பட்டன. மனமார வரவேற்கிறோம். ஆயினும், முகப்பின் அழகு வேறு; நடக்க இயலாதவரும் முதியோரும் பிறர் கைத்தாங்கலின்றி வண்டியேறும் சௌகரியம் வேறு. பின்னது சர்க்காரின் தயவன்று. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் அளித்த உரிமை. அதற்கான விதிகள் கட்டாயமாக்கப்பட வேண்டுமென்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால், பஸ்ஸின் உயர்ந்த படியே வழிமறிக்குமானால், ஸ்டேஷனில் லிப்டு வைத்தும் பயன் என்ன? சக்கர நாற்காலியில் செல்வோர் ஒருவருடன் சேத்தியாத்தோப்பிலிருந்து ரயில் பெட்டி வரை அதிகாரிகள் ஒருமுறை பிரயாணம் செய்து பார்ப்பார்களாக! அவர் தடையின்றி ஏறும் நாளையே மெய்யான திறப்பு விழாவெனக் கொள்வோம்.