ஆதித்த கரிகாலன் கொலைக்காலம்: ஒரு மறுப்பு

ஆதித்த கரிகாலனைக் கொல்வித்தவன் உத்தம சோழனே என்னும் கூற்று ஐயமாகத் தோன்றி, இன்று பலராலும் முடிபாகவே கொள்ளப்படுகிறது. நீலகண்ட சாத்திரியார் இவ்வையத்தை முன்வைத்தார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கொன்றவர் யாவர் என்னும் வினாவிற்கு முன் விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு: கொலை நிகழ்ந்தது எப்போது?

கி.பி. 969 என்பர். இவ்வாண்டைக் கூறும் கல்வெட்டு எதுவுமில்லை. ‘வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி’ எனக் குறிக்கும் சாசனங்கள் 5ஆம் ஆட்சியாண்டு வரை செல்கின்றன. அவ்வாட்சியாண்டு எவ்வாண்டில் தொடங்கிற்று என்பதோ ஊகத்தாற் பெறப்படுவது. 13ஆம் ஆட்சியாண்டு வரை சாசனங்களையுடைய பார்த்திவேந்திராதிவர்மனை ஆதித்தனாகவே கொள்வாரும் உளர். அதனை ஏற்பின் கணக்கு முழுவதும் மாறும்.

பின்னர் 969 எங்கிருந்து வந்தது? உத்தம சோழன் ஆட்சி 969-70 அல்லது 970-71இல் தொடங்கியதெனக் கொண்டு, அதற்குச் சற்று முன்னாக இளவரசன் இறப்பை வைத்தனர். பின்பு, ‘கொலை நடந்த உடனே முடிசூடினான், ஆகவே அவனே ஐயத்திற்குரியவன்’ என்றனர். முடிசூட்டைக் கொண்டு கொலைக்காலத்தைக் கணித்து, அக்கணிப்பைக் கொண்டே முடிசூடியவனைக் குற்றஞ்சாட்டுவது சான்றாகாது, வட்டவாதமேயாகும்.

திருவாலங்காட்டுச் செப்பேடு ஆதித்தன் மறைவையும் அதன்பின் அருள்மொழி சிற்றப்பனுக்கு அரசை விட்டுக்கொடுத்ததையும் கூறுகிறதே என வினவலாம். கூறுவது உண்மை. ஆயின் அச்செப்பேடு தருவது நிகழ்ச்சிகளின் முறையேயன்றி, அவற்றிடைப்பட்ட காலத்தின் அளவன்று. ஆதித்தன் விண்ணுலகு காணும் விருப்பால் மறைந்தான் என்னும் அச்செப்பேடு கொலையைக் குறிப்பிடவேயில்லை.

உடையார்குடிக் கல்வெட்டையும் இவ்வாறே அளவிறந்து பொருள்கொள்கின்றனர். இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டாகக் கொள்ளப்படும் அச்சாசனம், ஏறத்தாழ 986-87ஆம் ஆண்டினது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைத் துரோகிகள் எனச் சுட்டி, அவர்தம் உறவினர் உடைமைகள் பற்றிய அரசாணையைத் தருகிறது. துரோகிகள் எப்போது பிடிபட்டனர், எப்போது தண்டிக்கப்பட்டனர் என்று அது கூறவில்லை. உடைமை பற்றிய ஆணையின் காலத்தை நீதி வழங்கிய காலமாகக் கொண்டு, ‘உத்தம சோழன் பதினாறாண்டுகள் கொலையாளிகளைக் காத்தான்’ என்பது சாசனத்தின் மௌனத்தைச் சாட்சியாக்குவதாகும்.

உத்தம சோழன் குற்றமற்றவன் என நிறுவுவது ஈண்டு நோக்கமன்று, அதற்கும் சான்றில்லை. 1950களில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இப்புதிரைக் கற்பனைக்குரிய உரிமையோடு கையாண்டது. அவ்வுரிமை ஆய்வாளர்க்கு இல்லை. கொலையுண்டவன் மறைந்த ஆண்டையே ஊகித்து எழுதும் நாம், அவ்வூகத்தின்மேல் ஒருவன்மீது கொலைப்பழியை ஏற்றலாகாது. ‘5ஆம் ஆட்சியாண்டிற்குப் பின், உத்தம சோழன் முடிசூடுமுன், ஆண்டு உறுதியில்லை’ என்று பாடநூல்கள் எழுதட்டும். உறவினர் என்பதற்காகவே பலர் உடைமை இழந்த வழக்கு இது. ஆண்டு நெருக்கத்திற்காகவே இன்னொருவனை அதிற் சேர்ப்பது ஆய்வறமன்று.