எடைக்கு வராத புகை

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பொழுது சாய்கிற வேளையில் கடந்து செல்வோர், கூண்டு போன்ற கேபினுக்குள் குந்தியிருந்து வெல்டிங் வைக்கும் தொழிலாளியையும், ராடின் நுனியில் தெறிக்கும் நீலச் சுடரையும், அச்சுடரினின்று எழுந்து அவர் முகத்தைத் தடவிச் செல்லும் மெல்லிய புகையையும் கண்டிருப்பார்கள். அப்புகைக்கு எதிராக அவருக்கு வாய்த்த கவசம், மூக்கை மறைத்துக் கட்டிய ஒரு பழந்துண்டு.

புழுதியைத் தடுக்கும் அத்துண்டு, உலோகம் ஆவியாகிக் குளிர்கையில் பிறக்கும் சூட்சுமத் துகளைத் தடுப்பதில்லை. மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்கும் சிறிய இத்துகள்கள், டீசல் புகைக்கரியின் துகள்களைப் போலவே, பிராணவாயு இரத்தத்தில் கலக்கும் காற்றறைகள் வரை சென்று படிகின்றன. அவற்றை விழுங்கித் துப்புரவு செய்ய வரும் காவல் அணுக்கள் திணறி, அபாய அறிவிப்பாக இரசாயனங்களைச் சுரக்க, அங்கே அழற்சி மூளுகிறது. ஆஸ்துமாவாலோ நாட்பட்ட மூச்சடைப்பாலோ முன்னமே புண்பட்ட சுவாசக் கோசங்களில் இத்துகள்கள் கூடுதலாகத் தங்குகின்றன என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. ஆகவேதான், திடகாத்திரமான வாலிபன் ஒரு இருமலோடு உதறிவிடும் அதே புகை, இளைப்புக்காரரை இரவெல்லாம் உட்கார்ந்தே விடிய வைக்கிறது.

நம் தேசத்தின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர நிர்ணயமோ தூசியை எடை போடுகிறது. 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு நூறு நானோமீட்டர்த் துகள்கள் 15,625 வேண்டும்; அவற்றின் மேற்பரப்போ அவ்வொன்றினுடையதைப்போல் 25 மடங்கு. அழற்சியை மூட்டுவதில் எடையைக் காட்டிலும் இம்மேற்பரப்புக்கே பங்கு அதிகம். 2020 முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ்.6 விதிகள் புதிய டீசல் எஞ்சினின் புகைத்துகளை எண்ணிக்கையாலும் கட்டுப்படுத்துகின்றன. அந்த லாரிக்குப் பாடி கட்டுகிறவரின் மூச்சுக்கு அத்தகைய கணக்கு கிடையாது. வெல்டிங் புகை புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-லேயே தீர்மானித்த பிறகும் இந்நிலை நீடிப்பது அநியாயம்.

ஆயுதபூஜைக்குப் பட்டறையை வெள்ளையடிக்கும் முதலாளிகளே, இவ்வாண்டு அத்துடன் ஒரு புகை உறிஞ்சும் குழாயையும், முகத்தில் சரியாகப் பொருந்தும் கவசங்களையும் வாங்கி வையுங்கள். இளைப்பு உள்ளவரைக் கேபினுக்குள் அனுப்பாதீர்கள்.