பிழைப்புக்கு வேலி வேண்டாம்

திருமலையில் தரிசனம் எல்லா மாநிலத்தாருக்கும் உண்டு. அடிவாரத்தில் வேலை மட்டும் உள்ளூராருக்குத்தானா?

தனியார் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை மாநிலத்தவருக்கே என்று ஆந்திர சட்டமன்றம் 2019-ல் சட்டம் இயற்றியது. சித்தூரில் தலைமுறையாக வாழும் தமிழர் இம்மாநிலத்தவரே. வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் பிழைப்புத் தேடி வரும் தொழிலாளியின் கதி என்ன?

இந்தியாவில் எங்கும் குடியிருக்கவும், எத்தொழிலும் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை தருகிறது. இதேபோன்ற ஹரியானா சட்டம் செல்லாதென்று பஞ்சாப்-ஹரியானா ஐகோர்ட் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது.

உள்ளூர் இளைஞரின் வேலைப்பசி நியாயமானதே. அவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பது சர்க்காரின் கடமை. ஆனால் யார் எங்கே பிழைக்கலாம் என்று உத்தரவிடுவது அதன் வேலையன்று. தொழில் தொடங்க அனுமதி கேட்டு அலையவைத்த முறையை ‘லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யம்’ என்று ராஜாஜி சாடினார். இதுவோ கூலி வேலைக்கே பர்மிட் கேட்பதாகும்.

ஒன்றையும் மறக்கலாகாது: 2021 தேர்தலில் தமிழகத்தில் தி.மு.க.வும் இதே 75 சதவீதத்தை வாக்குறுதியாக அளித்தது. அங்கே ஆந்திரத்தாருக்குக் கதவடைக்கச் சம்மதித்துவிட்டு, இங்கே தமிழருக்குக் கதவைத் திறக்கச் சொல்வது நியாயமாகாது. வேலி எந்தப் பக்கம் போட்டாலும் வேலியே. இரு மாநிலச் சர்க்கார்களும் இதை உணர வேண்டும்.