எதிர்வீட்டு ‘போஸ்ட்’ டாக்டர்

போன ஆடியில் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நான் செத்துப் போனேன்.

அதாவது, செத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. மூச்சு வாங்கி வாங்கி விடுகிறேன், உள்ளே போன மாதிரியே இல்லை. மனைவியை எழுப்பி, “எல்.ஐ.சி. பாலிசி பீரோ மேல் தட்டுல இருக்கு. சாவி தலையணைக்குக் கீழ” என்றேன். பி.காம். படித்தவன் சாகும்போதும் கணக்கை முடித்துவிட்டுத்தான் சாவான்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. நார்மல். “ஒண்ணுமில்ல சார், கேஸ்” என்று மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஆறு இட்லி சாப்பிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி செத்தேன். மூன்றாவது தடவை, ஈ.சி.ஜி. எடுக்கிற பையன் என்னைப் பார்த்ததும், “வாங்கண்ணே, அதே கேஸா?” என்றான்.

மந்தாரக்குப்பத்தில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், வியாதியை மட்டும் முடியாது. நைட் ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்க வந்தவர் இஞ்சிச் சாறு சொன்னார். முந்திரிக்கொட்டை வியாபாரி, திருஷ்டி என்றார். இன்னொருவர் தோளில் கை போட்டு, “மனசுல எதையும் வெச்சுக்காத தம்பி, எங்கிட்ட பேசு” என்று ஓரமாக அழைத்துப் போய், தன் மச்சினனோடு இருக்கும் நிலத் தகராறை ஒண்ணரை மணி நேரம் பேசினார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு என் நெஞ்சைவிடத் தன் மகளின் படிப்புதான் பெரிய வியாதி.

“பி.எஸ்ஸி. சைக்காலஜி மூணு வருஷம். எம்.எஸ்ஸி. ரெண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல எம்.ஃபில். ரெண்டு. அப்புறம் பி.எச்.டி. அஞ்சு. சரி, டாக்டராயிட்டா, முடிஞ்சுதுன்னு ஸ்வீட் குடுத்தேன். இப்ப அமெரிக்காவுல ‘போஸ்ட் டாக்டோரல் ட்ரெயினிங்’காம். அது என்னப்பா, போஸ்ட் ஆபீஸ்ல டாக்டரா?”

“டாக்டர் பட்டத்துக்கு அப்புறம்னு அர்த்தம் சார்.”

“டாக்டருக்கு அப்புறம் என்ன இருக்கு? என் சர்வீஸே முப்பத்து நாலு வருஷம். இவ படிப்பு அதைத் தாண்டிடும் போலிருக்கே!”

கல்யாணத் தரகர் வந்த கதையையும் சொன்னார்.

“பொண்ணு டாக்டரா?”

“ஆமா.”

“ஊசி போடுமா?”

“போடாது.”

“மாத்திரை எழுதுமா?”

“எழுதாது.”

“பின்ன என்னதான் பண்ணும்?”

“நாம சொல்றதைக் கேக்கும்.”

தரகர் முகம் மலர்ந்துவிட்டதாம். “சொல்றதைக் கேக்குற பொண்ணா! அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?”

அந்தப் பெண் லீவில் வந்திருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து நானும் சொன்னேன். அவள் மூன்றே கேள்வி கேட்டாள். எப்போது வருகிறது, எத்தனை நேரம் இருக்கிறது, அப்போது என்ன நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் சும்மா இருந்தாள். சும்மா என்றால் செல்போனைப் பார்க்காமல், ‘எங்க மாமாவுக்குக்கூட இப்படித்தான்’ என்று ஆரம்பிக்காமல். அந்த நிசப்தத்தில், மூன்று மாதமாக மனைவியிடம்கூடச் சொல்லாததை உளறிவிட்டேன். எனக்குப் பஸ் ஏறப் பயமாக இருந்தது. கடலூரில் ஒரு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் வேலை. வடலூர் தாண்டுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இறங்கிவிடுவேன். அந்த வேலை போயே போய்விட்டது. வீட்டில், பார்ட்டி பணம் தரவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.

“இதுக்குப் பேனிக் அட்டாக்னு பேரு அண்ணா, அதுவாத்தான் இருக்கும்னு தோணுது. இருந்தாலும் தைராய்டு டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. ஆனா நான் உங்களுக்கு ட்ரீட்மென்ட் பண்ண மாட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “ஏம்மா, ஃபீஸ் குடுக்க மாட்டேன்னா?”

“நீங்க எதிர்வீடு. நாளைக்கு அண்ணி எங்கம்மாகிட்ட கருவேப்பிலை கேட்டு வருவாங்க. உங்க ரகசியம் எங்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா உங்களுக்கே பேச்சு வராது. தெரிஞ்சவங்களுக்குப் பார்க்கக் கூடாதுங்கிறது எங்க தொழில்ல பாலபாடம். பாண்டிச்சேரியில ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போங்க.”

ஃபோர்மேன் சாருக்குத் தாங்கவில்லை. “பன்னெண்டு வருஷம் படிச்சிட்டு எதிர்வீட்டுக்காரனுக்கு ஒரு ஆறுதல் சொல்ல முடியாதா? நான் சொல்லுவேனே, அஞ்சு நிமிஷத்துல!”

மகள் சிரித்தாள். “அப்பா, நிலக்கரிக்கு அடியில தண்ணி அழுத்தமா நிக்கும், ராப்பகலா பம்ப் பண்ணி எடுக்கலேன்னா சுரங்கத்தோட அடித்தரையே பொங்கிடும்னு சொல்வீங்களே. அந்த பம்ப்பை, புஸ்தகம் மட்டும் படிச்சிட்டு வந்தவன் கையில முதல் நாளே குடுத்துடுவீங்களா?”

“குடுப்பேனா? ஒரு வருஷம் பின்னாடியே நின்னு பார்க்கணும். அப்புறம் அவன் செய்யணும், நான் பின்னாடி நிக்கணும்.”

“எம்.ஃபில்.ல ரெண்டு வருஷம் அதுதான்ப்பா. வார்டுல பேஷன்ட்டைப் பார்த்துட்டு வந்து, அவர் என்ன சொன்னார், நான் என்ன கேட்டேன், ஏன் கேட்டேன்னு எழுதி சீனியர்கிட்ட வைக்கணும். ‘இங்க அவர் அழ வந்தார், நீ அவசரப்பட்டு ஆறுதல் சொல்லி நிறுத்திட்டே’ம்பாங்க. அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல டாக்டர் பட்டம் வாங்கின பிறகும், லைசன்ஸ் உள்ள ஒருத்தர் மேற்பார்வையில வேலை பார்த்தாத்தான் நமக்கு லைசன்ஸ். பேஷன்ட் சம்மதத்தோட எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்து, நான் எங்கே வாயை மூடியிருக்கணும்னு சொல்லுவாங்க.”

ஃபோர்மேன் சார் பதில் பேசவில்லை. எனக்கு என் ஆர்ட்டிகிள்ஷிப் ஞாபகம் வந்தது. சி.ஏ. பாஸ் பண்ணவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் வவுச்சர் டிக் அடித்திருக்கிறேன். பாலன்ஸ் ஷீட்டுக்கே அத்தனை வருஷம் என்றால்...

அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்தப் பயிற்சி நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது, அடுத்த வருஷமே அங்கே இதற்கான டிப்ளமோ. 1974-ல் பக்கத்திலிருந்த மனநல மருத்துவமனையோடு சேர்ந்து அதுதான் நிம்ஹான்ஸ் ஆயிற்று. 1992-ல் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. கவுன்சில் அங்கீகரித்த கிளினிக்கல் பயிற்சி இல்லாமல், வெறும் சைக்காலஜி பி.எச்.டி.யை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆயிரம் ரூபாய்! ஹெல்மெட் போடாததற்கே அவ்வளவு வாங்குகிறார்கள்.

2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய சர்வேயில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனக்கோளாறு இருந்தது. கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. பயிற்சி பெற்ற இந்த ஆட்களோ லட்சம் பேருக்கு ஒருத்தர்கூடத் தேறமாட்டார்கள். மிச்ச இடத்தையெல்லாம் என் டீக்கடை நண்பர்கள் மாதிரியானவர்கள் இலவசமாக நிரப்பி வருகிறார்கள்.

தைராய்டும் நார்மல் என்று வந்தது. பாண்டிச்சேரிக்குப் போனேன். முதல் தடவை மனைவியும் கூட வந்தாள். அங்கே இருந்தவர் என் வயசுக்காரர்தான். மூன்றாவது வாரம் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து என்னைச் சுற்றிவிட்டார். முப்பத்தைந்து வயசில், ஃபீஸ் கொடுத்து ராட்டினம்! தலை கிறுகிறுத்தது. “இப்ப ஒரு நிமிஷம் வேக வேகமா மூச்சு விடுங்க” என்றார். விட்டேன். விரல் மரத்தது, நெஞ்சு அடித்தது, அதே சாவு. ஆனால் நான் சாகவில்லை. அளவுக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் மரக்குமாம். அதைப் பார்த்து ‘ஹார்ட் அட்டாக்’ என்று நான் பயப்பட, பயத்தில் நெஞ்சு இன்னும் அடிக்க, அதைப் பார்த்து நான் இன்னும் பயப்பட... வட்டிக்கு வட்டி. காமர்ஸ்காரனுக்கு உடனே புரிந்தது. அசலே இல்லாத கடனுக்கு ஆறு மாதமாக வட்டி கட்டியிருக்கிறேன்.

பத்து வாரத்தில் கடலூர் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போனேன். நெஞ்சு அடிக்காமல் இல்லை. அடித்தால் அடித்துவிட்டுப் போகிறது என்று இருந்தேன். (பஸ்ஸே ஏற முடியாதவர்கள் 14416-க்குப் போன் போடலாம். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி-மானஸ். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.)

இந்த நாற்காலிக் கதையை வீட்டில் ஒருநாள் எல்லோரும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் விருத்தாசலம் தாண்டிப் போனதில்லை. கூட்டம் ஆகாது. என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைவிட்டு வெளியே போய்விட்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் அவமானப்படுத்திவிட்டார் என்று ஒரு வருஷம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் அவருக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்றே பெயர். அந்தப் பெயரை நானும் சொல்லியிருக்கிறேன், அவர் காதுபட.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்தப் பாண்டிச்சேரிக்காரர்... வயசானவங்களைப் பார்ப்பாரா?”

“பார்ப்பார்ப்பா.”

“பஸ்ஸுலதான் போகணுமா?”

“ஆமாப்பா.”

துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

“நீ பக்கத்துல உக்காந்துக்குவியா?”

வாயில் நுரை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஜன்னல் சீட்டு எனக்குத்தான்” என்றார்.