நாள் எண்ணும் நாடகம்!

ஒசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்பால் கர்நாடகம். எனவே இங்கே சட்டம் இறுகினால் தொழில் அங்கே பறந்துவிடும் என்கிறார்கள் முதலாளிமார்! 2023 பிப்ரவரியில் கர்நாடகம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்தது. ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டமன்றமும் அவ்வழியே ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு! பறந்ததா தொழில்? டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை அதன்பின்னும் ஒசூர்ப் பக்கம் விரிந்தது.

ஆனால் நாம் இன்று பேச வந்தது மணிக்கணக்கை அல்ல, நாள்கணக்கை.

24 மாதங்களில் 480 நாள் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது தமிழகத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டந்தான், யார் மறுப்பார்? ஆனால் சட்டம் கோடு கிழித்ததும், கோட்டுக்கு இப்பாலேயே வேலையை நிறுத்திவைக்கும் வித்தை பிறந்தது! ஒரே இயந்திர வரிசை. ஒருவர் நிரந்தரம், அடுத்தவர் பயிற்சியாளர், அதற்கடுத்தவர் பழகுநர், கடைசியில் காண்டிராக்ட். முறுக்கும் திருகாணி ஒன்றே. கூலி நான்கு விதம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பழகுநர் 'தொழிலாளி'யே அல்லவாம்! காண்டிராக்டரின் பெயர் மாறினால் நாள்கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து!

"சட்டத்தால் வந்த வினைதானே? தளர்த்திவிடுங்கள், நிரந்தர வேலை பெருகும்" என்பாருண்டு. தளர்த்தித்தான் விட்டார்கள் டெல்லி ஆட்சியாளர். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்கள், குறித்த கால வேலையை எல்லார்க்கும் திறந்துவிட்டன. அவர்களுக்கு ஓராண்டில் பணிக்கொடை உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தவணை முடிந்தால் வாசலைக் காட்டலாமே, நிரந்தரம் எதற்கு? காண்டிராக்ட் சட்டத்தின் வரம்பும் 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்தது. நூறு பேரை மூன்று காண்டிராக்டருக்குப் பிரித்தால் எவரும் வரம்புக்குள் வரமாட்டார். கோடு நகர்ந்தது, வித்தை நகராதா?

ஆகவே தமிழக அரசைக் கேட்கிறோம். எந்தக் காண்டிராக்டரின் சீட்டில் இருந்தாலும், எந்த ஆலையில் உழைத்தாரோ அந்த ஆலையின் நாளாகவே 480-ஐ எண்ணச் சட்டத்தைத் திருத்துக! எண்ணியவர் பெயர்ப் பட்டியலை ஆலை வாயிலிலேயே ஒட்டச் செய்க!