இஃப்ரீத்தை அழைப்பவர் யார்?



அஸ்தினாபுரத்தில் மஃரிபுக்குப் பின் நடக்கும் மக்தபில் அந்நம்ல் அத்தியாயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். சபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தை யார் கொண்டுவருவீர்கள் என்று சுலைமான் (அலை) அவர்கள் கேட்க, ஜின்களில் ஓர் இஃப்ரீத் முன்வரும் இடம் (27:39). பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் முகம் மலர்ந்து, "ஹஜ்ரத், இஃப்ரீத்தை எனக்குத் தெரியும். என் கேமில் நான் கூப்பிட்டால் வருவான்" என்றான்.

செய்தி வீட்டுக்கு எட்டியது. தந்தை கைபேசியைப் பிடுங்கிப் பூட்டிவிட்டு என்னிடம் வந்தார். "இது ஷிர்க் இல்லையா, ஹஜ்ரத்?"

கேள்வி நியாயமானதே. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொட்டே ஜின்னும் இஃப்ரீத்தும் இத்தகைய விளையாட்டுகளில் உலவுகின்றன. ஜப்பானின் 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையில் 1990 முதல் இஃப்ரீத் என்பது அழைத்தால் வந்து தீயை ஏவும் பூதம். 2023இல் வந்த பதினாறாம் பாகத்தில் கதாநாயகனே இஃப்ரீத்தாக உருமாறுகிறான்.

ஆயினும் பொத்தானை அழுத்துவதால் எந்த ஜின்னும் வருவதில்லை. அது கதை என்பது சிறுவனுக்கே தெரியும். அவனை முஷ்ரிக் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்காக எல்லாவற்றையும் 'விளையாட்டுதானே' என்று விடவும் இயலாது. 2020 ஜூனில் பப்ஜி விளையாட்டில், ஒரு சிலைக்கம்பத்தின் முன் வழிபடும் பாவனை செய்து பொருள் பெறும் பகுதி சேர்க்கப்பட்டது. முஸ்லிம்கள் எதிர்த்தனர், நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பாவனையை நீக்கியது. எதிர்த்தது சரியே. வணக்கத்தின் வடிவத்தைக் கைக்குப் பழக்குவது வேறு, கற்பனைப் பூதத்தைச் சண்டைக்கு அழைப்பது வேறு.

என் கவலை, இவ்விளையாட்டுகள் ஓசையின்றிக் கற்பிக்கும் பாடத்தைப் பற்றியது. மந்திரம் தெரிந்தால் ஜின் ஏவலாளாகிவிடும் என்பதே அப்பாடம். ஜின்களோ நம்மைப் போன்றே அல்லாஹ்வை வணங்கப் படைக்கப்பட்டவர்கள் (51:56). குர்ஆனைச் செவியுற்று ஈமான் கொண்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைச் சுலைமான் நபிக்குப் பணியவைத்தவன் அல்லாஹ். தமக்குப் பின் எவருக்கும் கிட்டாத ஆட்சியை அவர் துஆவில் கேட்டார் (38:35). தொழுகையைக் குலைக்க வந்த இஃப்ரீத்தைப் பள்ளிவாசல் தூணில் கட்டிவைக்க எண்ணிய நபி (ஸல்) அவர்கள், அந்த துஆ நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. நபியே விட்டுவிட்டதை, நான் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் விலை பேசுகிறார் என்றால்?

ஆகவே தந்தையிடம் கேட்டேன்: "உங்கள் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு செப்புத் தகடு தொங்குகிறதே, அது யார் தந்தது?" சற்றுத் தயங்கினார். வியாபாரம் படுத்திருந்த காலத்தில், ஜின்னை வசப்படுத்தியவர் என்று பெயர் பெற்ற ஒருவர் எழுதித் தந்தாராம்.

மகன் கற்பனையில் அழைத்தான். தந்தை காசு கொடுத்து, மனதார நம்பி அழைத்திருக்கிறார். மனிதர்கள் ஜின்களிடம் பாதுகாவல் தேடியதைக் கண்டித்து இறங்கிய வசனம் (72:6) இவ்விருவரில் யாரைச் சுட்டுகிறது? ஜும்ஆ மேடைகளில் கைபேசியைச் சாடும் நாமும் தகடு எழுதும் தொழிலைப் பற்றி வாய் திறப்பதில்லை. அங்கே போவோர் ஜமாஅத்தின் பெரியவர்கள். சிறுவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

இந்நம்பிக்கை கல்லாப்பெட்டியோடு நிற்பதுமில்லை. மனநோயைப் பேய் என்றும் ஜின் என்றும் கருதி, மருத்துவரிடம் போகாமல் தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டவர்கள் ஏர்வாடியில் தனியார் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அவற்றில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை எந்தக் கணினி விளையாட்டும் கட்டிப்போடவில்லை. நம் போன்ற பெரியவர்களின் நம்பிக்கையே கட்டிப்போட்டது.

மறுநாள் வகுப்பில் கதையின் மீதியைச் சொன்னேன். இஃப்ரீத் அல்ல, வேத ஞானம் பெற்ற ஒருவரே கண்ணிமைக்கும் நேரத்தில் சிம்மாசனத்தைக் கொண்டுவந்தார் (27:40). "அப்படியென்றால் இஃப்ரீத் தோற்றுவிட்டானா, ஹஜ்ரத்?" என்று கேட்டான் அந்த மாணவன். ஆமாம் என்றேன்.

இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் என்ற நிபந்தனையோடு கைபேசி அவனிடம் திரும்பிவிட்டது. தகடு இன்னும் கடையில்தான் தொங்குகிறது.