கட்டுச்சோறு அவிழ்க்க ஓர் இடம்

ஞாயிறு மாலையில் மாதுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பகுதிக்குச் சென்றால், தாராவித் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைக் காணலாம். தொண்ணூறு அடிச் சாலையின் நெரிசலிலிருந்து புறப்பட்டு, தூக்குவாளிகளில் புளியோதரையும் தயிர்ச்சோறும் சுமந்து வந்து, மரநிழலில் விரிப்பு விரித்து அமர்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் குடும்பம், அனைவரும் ஒருசேர வட்டமாக அமர்ந்து உண்பது பெரும்பாலும் இங்குதான்.

வீட்டிற்கும் கூலிக்கும் போராடும் மக்களுக்குப் பூங்கா எதற்கு என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. அந்தக் கேள்வி சரியன்று. வையைப் புதுப்புனலில் ஆட மதுரை மக்கள் திரண்டதைப் பரிபாடல் பாடுகிறது. ஊர் கூடி மகிழ்வது நமக்குப் புதிதல்ல. ஆனால், நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களில் பலருக்கு ஆற்றின் எல்லாப் படித்துறைகளும் திறந்திருக்கவில்லை, சாதி வழிமறித்தது. சாதி கேளாமல் உட்கார இடம் தருவதே நகரப் பூங்காவின் பெருமை.

அந்த ஞாயிறும் யாரோ மனமிரங்கித் தந்ததல்ல. விடியல் முதல் அந்திவரை வார ஓய்வின்றி உழைத்த பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களை, மகாத்மா பூலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே திரட்டினார். பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பின், 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். குடும்பத்தோடு பூங்காவுக்குச் செல்ல ஓய்வுநாளும் வேண்டும், இடமும் வேண்டும். இன்று இரண்டுமே பறிபோகின்றன.

2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, அன்றாட வேலை நேரத்தின் உச்சவரம்பைக் கடைகளிலும் நிறுவனங்களிலும் 9 மணியிலிருந்து 10 ஆகவும், ஆலைகளில் 12 ஆகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவருக்கு ஞாயிறு உறங்கவே போதாது.

இடத்தின் நிலை இன்னும் மோசம். நகரவாசி ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்பது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல். மும்பையில் கிடைப்பதோ ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். அதையும் பராமரிப்பு என்ற பெயரில் தனியாரிடம் ஒப்படைக்க மாநகராட்சி 2016இலும் 2023இலும் முயன்றது. இருமுறையும் குடிமக்களின் எதிர்ப்பே அதனைத் தடுத்தது.

தாராவியின் விளிம்பில், மித்தி ஆற்றங்கரையில், 37 ஏக்கரில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அது குப்பைமேடு. மண் கொட்டி, மரம் நட்டு, 1994இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மறுசீரமைப்புத் திட்டம் அதையும் விழுங்கிவிடுமோ என்ற அச்சம் எழுந்து, வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. பூங்கா திட்டத்தில் சேராது என்ற உறுதிமொழி அங்கேதான் கிடைத்தது.

ஆனால் மக்களுக்கு அத்தகைய உறுதிமொழி எதுவும் இல்லை. அதானி குழுமம் 80 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் இத்திட்டத்தில், தாராவிக்குள் வீடு பெறத் தகுதியற்றோர் என ஒதுக்கப்படுவோரைக் குடியமர்த்த, செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைக்கிடங்கில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1927 முதல் நகரத்தின் கழிவு கொட்டப்பட்ட நிலம் அது. ஒரு குப்பைமேட்டைப் பூங்காவாக்கத் தெரிந்த அரசுக்கு, இன்னொரு குப்பைமேட்டில் மக்களைக் குடியேற்றத் தயக்கம் இல்லை! குர்லாவில் மதர் டெய்ரி நிலத்தைப் பூங்காவாக்குங்கள் என்று அப்பகுதி மக்கள் கேட்கிறார்கள். அரசோ அதையும் இத்திட்டத்திற்கே அளித்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பூங்காவில் நாங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, காவலாளி வந்து எழுப்பினார். புல்தரையில் அமரக் கூடாது, உணவு கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்புப் பலகையைக் காட்டினார். அவர்மீது குற்றமில்லை, அவரும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிதான். ‘பொதுவெளி’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பொதுமக்களை எழுப்பிவிடும் பொதுவெளிக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

தாராவி மக்கள் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு வேண்டும். அந்த வீடுகளின் நடுவே, வேலியும் கட்டணமும் இல்லாத பூங்காவும் விளையாட்டுத் திடலும் வேண்டும். வாரத்தில் ஒருநாள் உண்மையான ஓய்வு வேண்டும். லோகாண்டே காலத்துத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் போராடிப் பெற்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் உட்கார ஓர் இடத்தைப் போராடிப் பெறுவது நம் தலைமுறையின் கடமை.